பெயர் மட்டும் மாறிய வாழ்த்து மடல்

அம்மா ஓய்வு பெற்றபோது பாடசாலையில் கொடுத்த வாழ்த்து மடல் திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு முன் அறையில் இன்னும் தொங்குகிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, சுற்றிவரப் பூ வேலைப்பாடு. அறிவின் ஊற்று, அன்பின் உறைவிடம், கடமையின் கண் என்று அடுக்கிக்கொண்டு போகும். அதை வாசித்து நாங்கள் எல்லோரும் பூரித்துப் போயிருந்தோம்.

அடுத்த மாதம் அம்மாவோடு படிப்பித்த இன்னொரு ரீச்சரின் வீட்டுக்குப் போனேன். அவரும் அதே வருடம் ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சுவரிலும் அதே மடல், அதே வரிகள். பெயர் மட்டும் வேறு. திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "எனக்குத் தெரியும் தம்பி. எழுதினவருக்கு எங்களப் பற்றி என்ன தெரியும்?"

அம்மா மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகளில் பல வருடம் படிப்பித்தவர். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரை தரைவழியாகப் போவதென்றால் 'பாதை' ஏறி இறங்க வேண்டும். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். இல்லாவிட்டால் துறைமுகத்தில் இருந்து லோஞ்ச். மாரி காலத்தில் வாடைக் காற்றுக்கு லோஞ்சுக்குள் தண்ணீர் அடிக்கும். அதனால் அம்மா ஒரு சீலையை மடித்து, பொலித்தீன் பையில் சுற்றி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போவார். இறங்கியதும் யாராவது தெரிந்தவர் வீட்டில் நனைந்ததை மாற்றிவிட்டு, முதல் மணிக்கு முன்பு வகுப்பில் நிற்பார். அந்த மடலில் லோஞ்ச் இல்லை. பொலித்தீன் பை இல்லை. அம்மாவிடம் படித்த ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை.

2014 இல் நாங்கள் பழைய மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, மாவட்டத்தில் நன்றாகப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு வருடா வருடம் ஒரு விருது கொடுக்கலாம் என்று முடிவெடுத்தபோது, சுவரில் தொங்கிய அந்த மடல்தான் என் கண்ணுக்குள் நின்றது. இதுவரை 9 தடவை நடத்திவிட்டோம். கொரோனாவாலும், ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காகப் போராடியதாலும் 2020, 2021 இரண்டு வருடமும் நடத்தவில்லை. நாங்கள் சறுக்கிய இடங்களையும், சறுக்கிய பிறகு கண்டுபிடித்த வழிகளையும் வேறு ஊரில் இதைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வருடம் விண்ணப்பம் கோரினோம். அதுதான் பெரிய பிழை. வந்தவை எல்லாம் தடித்த கோப்புகள். சான்றிதழ்ப் பிரதிகள், படங்கள், பத்திரிகைத் துண்டுகள். எண்பது பக்கக் கோப்பு ஒன்றுகூட இருந்தது. கோப்புத் தயாரிக்க நேரமும் பழக்கமும் உள்ளவர்கள் விண்ணப்பித்தார்கள். தூரத்துக் கிராமங்களான வெருகலில் இருந்தோ திரியாயில் இருந்தோ ஒன்றும் வரவில்லை. வந்தவற்றுக்குள் எப்படித் தெரிவு செய்வது என்று தெரியாமல், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளை எண்ணினோம். யாரிடம் அதிகமோ அவருக்கு விருது.

விழா முடிந்து ஒரு கிழமை இருக்கும். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு பெண் கிட்ட வந்து, "நீங்கதானே அந்த விருது குடுத்தது?" என்று கேட்டார். ஓம் என்றேன். "என்ட மகனும் அந்த வகுப்பிலதான் இருந்தவன். கடைசி வாங்கு. அவன்ட கொப்பிய ஒருநாளும் திருத்தினதில்ல." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மீன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த ஆசிரியர் உழைக்காதவர் என்று நான் சொல்ல மாட்டேன். பின்னேரம், சனி, ஞாயிறு என்று பார்க்காமல் வகுப்பு வைத்தவர். ஆனால் நாங்கள் எண்ணியது சித்தியடைந்த பிள்ளைகளை மட்டும். அந்தப் பெண்ணின் மகன் எங்கள் கணக்கில் எங்குமே இல்லை. பரீட்சைப் பெறுபேற்றை வைத்து ஆசிரியரை அளந்தால், வீட்டில் படித்த பெற்றோரும் ரியூஷன் காசும் உள்ள பிள்ளைகளின் வகுப்பாசிரியர்தான் எப்போதும் முன்னுக்கு வருவார். நகரத்து 1ஏபி பாடசாலை (உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள பாடசாலை) உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியரையும் ஈச்சிலம்பற்றில் தரம் 1 படிப்பிப்பவரையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது. அடுத்த வருடத்தில் இருந்து ஆரம்பப் பிரிவு, இடைநிலை, உயர்தரம், கஷ்டப் பிரதேசம், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர் என்று பிரித்துவிட்டோம்.

விண்ணப்பத்தையும் நிறுத்தினோம். ஆசிரியர் தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாது, மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று ஆக்கினோம். பெற்றோர், பழைய மாணவர், பக்கத்துக் கடைக்காரர், காவலாளி, யாரும் சொல்லலாம். எழுத்தில் வேண்டும் என்று கேட்டால் எழுதத் தெரிந்தவர்தான் சொல்வார். ஆகவே ஒரு போன் இலக்கத்தைக் கொடுத்து வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பச் சொன்னோம். கேள்வி மூன்றே மூன்று: அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள், அதை உங்கள் கண்ணால் கண்டீர்களா, அதனால் யாருக்கு என்ன நடந்தது. "நல்ல ரீச்சர், தங்கமான ரீச்சர்" என்று மட்டும் வந்தால் திருப்பி எடுத்துக் கேட்போம். சரி, என்ன செய்தார்? அப்படிக் கேட்டால் பாதிப்பேர் யோசிப்பார்கள். மற்றப் பாதி கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

குரல் பதிவுகள் வரத் தொடங்கியதும் எங்களுக்குத் தெரியாத ஒரு மாவட்டம் காதில் விழுந்தது. சம்பூரில் இருந்து ஒரு அம்மம்மா. பேரன் மூன்று நாள் பாடசாலைக்குப் போகாமல் இருந்தபோது சேர் மோட்டார் சைக்கிளில் வந்து, திட்டாமல், வாசலில் இருந்து அவனோடு சேர்ந்து சைக்கிள் சங்கிலி பூட்டிவிட்டுப் போனாராம். மறுநாள் அவனாகவே போனானாம். பின்னால் கோழி கத்துகிற சத்தத்தோடு வந்த இரண்டு நிமிடப் பதிவு அது. எண்பது பக்கக் கோப்பில் எனக்குக் கிடைக்காதது அதில் கிடைத்தது.

மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய். மூன்று இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தெரிவுக்குழுவில் முதலில் நாங்களே, ஒரே பாடசாலையில் படித்த ஆட்களே இருந்தோம். யாருக்குக் கொடுத்தாலும் 'அவங்கட ஆக்கள்' என்ற கதை வரத்தான் செய்யும். இப்போது ஐந்து பேர்: கிண்ணியாவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை, சிங்களம் நன்றாக வாசிக்கப் பேசத் தெரிந்த ஒருவர், ஒரு தாய், பாடசாலையை விட்டு ஐந்து வருடம்கூட ஆகாத ஒரு இளம் பிள்ளை, அப்புறம் நான். பதவியில் இருக்கும் அதிபரோ கல்வி அதிகாரியோ குழுவில் இல்லை. அவர்கள் மீது குறை இல்லை. நாளை தன் இடமாற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் எதிரே இருந்தால் ஆசிரியர் எப்படி மனம் விட்டுப் பேசுவார்? சொந்தக்காரர் பெயர் வந்தால் குழு உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஒருமுறை நானும் வெளியே போய் மரத்தடியில் நின்றிருக்கிறேன். அந்த வருடம் என் மைத்துனருக்கு விருது கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு மாதம் கதைபேச்சு இல்லை. ஆனாலும் அந்த விதி சரியான விதிதான்.

பெயர்கள் வந்த பிறகு வகுப்பறைக்குப் போக வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. வலயக் கல்விப் பணிமனையில் அனுமதி எடுத்து, அதிபருக்கு முறையாக அறிவித்து, இரண்டு தடவை போவோம். முதல் தடவை சுவரெல்லாம் புதுப் படங்கள் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலை இழுத்து வந்திருப்பார்கள். வணக்கம் பலமாக இருக்கும். அது விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை, அதை ஏற்றுக்கொண்டு வந்துவிடுவோம். இரண்டாவது தடவை, ஒரு மாதம் கழித்து, ஒரு முழுப் பாடவேளை கடைசி வாங்கில் பேசாமல் இருப்போம். ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்பதை விட, பிழையான விடை சொன்ன பிள்ளைக்கு அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்பதைத்தான் கவனிப்போம். பிறகு கடைசி வாங்குப் பிள்ளைகளின் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்ப்போம். சந்தையில் அந்தப் பெண் சொல்லித் தந்த வழி இது.

அப்படிப் போய்க் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மூதூருக்கு அப்பால் ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலை. அங்கே பகலுணவு சமைக்கும் ஒரு தாய்தான் அந்த ரீச்சரின் பெயரைச் சொன்னவர். "என்ட மகள் இப்ப பஸ் போட் வாசிச்சு எனக்குச் சொல்றா. எனக்கு வாசிக்கத் தெரியாது. முதல் ஆக்களிட்டக் கேட்டுத்தான் ஏறுவன்" என்றார். ரீச்சர் செய்த ஒரு காரியம் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை அவ்வளவுதான்.

வகுப்பில் இருபத்தி மூன்று பிள்ளைகள், தரம் 3. பாடவேளை முடிந்து பிள்ளைகள் சாப்பிடப் போனதும் ரீச்சரின் மேசையில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி கிடந்தது. என்ன என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடு திறந்து காட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். மேலே பெயர் பேனையால். கீழே பென்சிலால் எழுத்துகள். ஒரு பக்கத்தில் ல, ள, ழ. இன்னொன்றில் ந, ண, ன. ஒரு பையனின் பக்கம் நிறைய, உயிர்மெய் வரிசை முழுக்க. "இந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடாத எழுத்துகள். பிடிபட்டதும் அழிச்சிடுவன்" என்றார். காகிதம் அழிறப்பர் பட்டுப் பட்டுச் சில இடத்தில் பஞ்சு போல மெலிந்திருந்தது. பெயருக்குக் கீழே ஒன்றுமே இல்லாத பக்கங்களும் இருந்தன.

"போன வருசக் கொப்பி இருக்கா?" என்று கேட்டேன். அலுமாரியில் இருந்து எடுத்துத் தந்தார். பெயர், வெற்றுப் பக்கம். பெயர், வெற்றுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு பெயருக்குக் கீழே நாலைந்து எழுத்துகள் மிச்சம். "இந்தப் பிள்ளை இடையில வேற ஊருக்குப் போயிட்டுது" என்றார். முன்பு ஒருமுறை மேற்பார்வைக்கு வந்த ஒருவர் அந்தக் கொப்பியைப் புரட்டிவிட்டு, இதில் பதிவு ஒன்றும் இல்லையே என்று கேட்டாராம். ரீச்சர் பதில் சொல்லவில்லையாம். எனக்கு அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்க்கப் பார்க்கத் தொண்டை அடைத்தது.

இந்தக் கொப்பியைத்தான் நாங்கள் அவருடைய பாராட்டு மடலில் எழுதினோம். அறிவுச் சுடர் என்று எழுதவில்லை. எங்கள் மடலுக்கு ஒரு விதி இருக்கிறது: பெயரை மாற்றி இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமானால் அது மடலே இல்லை, கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஒரு மடலுக்கு இரண்டு நாள் எடுக்கும். எழுதி முடித்ததும் பெயரைச் சொன்னவருக்குப் போனில் வாசித்துக் காட்டுவோம். "ஓம், அவதான்" என்று அவர் சொன்னால் சரி.

விழாவைப் பற்றி. இரண்டாம் வருடம் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தோம். பிரதம அதிதி வந்து சேர ஐந்தாகிவிட்டது. அதுவரை விருதுக்குரியவர்கள் முன்வரிசைக் கதிரையில் வியர்த்துக்கொண்டு இருந்தார்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு நடனம், பிறகு அதிதிகளின் உரைகள். வெருகலில் இருந்து வந்த ஆசிரியை ஒருவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். அவர் பெயரை அழைத்தபோது மேடைக்கு யாரும் வரவில்லை. மறுகிழமை அவர் வீட்டுக்கே கேடயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி தந்து, பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடக்கம், பன்னிரண்டுக்கு முடிவு. வாகனம் அனுப்பிக் கூட்டி வந்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம். பிரதம அதிதி கிடையாது. விருதைக் கொடுப்பது அவரிடம் படித்த ஒரு பிள்ளையோ, பெயரைச் சொன்ன பெற்றோரோ. அந்தச் சமையல் தாய்தான் அந்த ரீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார். மடலை முழுதாக, ஆறுதலாக வாசிப்போம். ஒருவருக்குப் பத்து நிமிடம். வேறு உரை வேண்டாம்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். உலக ஆசிரியர் தினம் ஒக்டோபர் 5. 1966 இல் ஆசிரியர்களின் தகுநிலை பற்றிய சர்வதேசப் பரிந்துரை ஏற்கப்பட்ட நாள் அது, 1994 முதல் கொண்டாடுகிறார்கள். இலங்கையில் ஒக்டோபர் 6. அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகளே விழா வைத்து, மாலை போட்டு, பாட்டுப் பாடி ஆசிரியரைக் கொண்டாடுவார்கள். அந்தப் பிள்ளைகளின் நாளில் நாங்கள் குறுக்கே நிற்கக் கூடாது. அதனால் இரண்டாம் தவணையில் ஒரு நாள் பார்க்கிறோம். நோன்பு மாதம், பரீட்சைக் காலம், போயா நாட்கள், கோயில் திருவிழா எல்லாவற்றையும் நாட்காட்டியில் குறித்துவிட்டு மிச்சத்தில்தான் தெரிவு செய்ய வேண்டும்.

காசு விடயம் சுருக்கமாக. கேடயத்துக்கும் பதாகைக்கும் செலவழிப்பதை விட ஆசிரியரின் கையில் கொடுங்கள், வகுப்பறைக்குக் கொடுங்கள். நாங்கள் பாதியைக் கையிலும், மற்றப் பாதியை அவர் கேட்கும் பொருளாகவும் கொடுக்கிறோம். ஒருவர் வாசிப்புப் புத்தகம் கேட்டார், ஒருவர் மின்விசிறி, ஒருவர் வகுப்புக்கு ஒரு கதவு கேட்டார். மழைக்கு ஆடு மாடு உள்ளே வந்து படுக்கிறதாம். 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் வரிசையில் இரவிரவாகக் கிடந்துவிட்டுக் காலையில் பாடசாலைக்குப் போன ஆசிரியர்களைக் கண்டோம். அந்த வருடம் மண்டபம் எடுக்கவில்லை, வீடு வீடாகப் போய்ப் பணமாகவே கொடுத்துவிட்டு வந்தோம். அனுசரணை தருகிறவர்கள் மேடையில் பெயர் போடச் சொல்வார்கள். முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள், விழா அன்று தகராறு வேண்டாம்.

நாங்கள் எதிர்பார்க்காத இரண்டு விடயங்கள் நடந்தன. ஒன்று, ஆசிரியர் ஓய்வறை. விருது வாங்கியவரோடு மற்றவர்கள் பேசுவது குறைந்துபோய், "எனக்கு ஏன் இதைத் தந்தீங்க?" என்று ஒருவர் போனில் அழுதார். பாடசாலையில் ஒருவரின் வேலை மற்றவர்களின் தோளில்தான் நிற்கிறது. 2020 இல் உலக ஆசிரியர் பரிசை வென்ற மகாராஷ்டிரத்து ரஞ்சித்சிங் டிசாலே பத்து இலட்சம் டொலர் பரிசில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்து கொடுத்தார். அந்தச் செய்தியை எங்கள் குழுவில் வைத்து நெடுநேரம் கதைத்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்கிறோம்: இந்த வேலையில் உங்களுக்குத் தோள் கொடுத்தவர் யார்? அவர்களின் பெயரும் மடலில் வரும், அவர்களும் மண்டபத்துக்கு வருவார்கள். கல்வி அமைச்சு 'குரு பிரதீபா பிரபா' என்று அதிபர், ஆசிரியர்களைக் கௌரவிக்கிறது. அது நாடு முழுவதற்குமானது. எங்களைப் போன்ற சிறிய ஆட்களால் முடிந்தது இப்படிக் கிட்டப் போய்ப் பார்ப்பது.

மற்றது இன்னும் மனதை அரிக்கிறது. கஷ்டப் பிரதேசத்தில் 11 வருடம் இருந்த ஒரு ஆசிரியருக்குக் கொடுத்தோம். பெயர் வெளியே வந்ததும் நகரத்துப் பாடசாலை ஒன்று அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அவர் போனதில் பிழை இல்லை. அவருக்கும் வயதான தாய் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கிராமத்தில் கணிதம் படிப்பிக்க ஏழு மாதம் யாரும் இல்லை. கொடுத்தது நாங்கள், இழந்தது அந்தப் பிள்ளைகள். விருதை நிறுத்துவதா என்றுகூட யோசித்தோம். நிறுத்தவில்லை. இப்போது அப்படி ஒருவர் மாறிப் போனால், புது ஆசிரியர் வரும்வரை சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களில் இருவர் போய்ப் படிப்பிப்பது என்று பொறுப்பெடுத்திருக்கிறோம். அது முழுத் தீர்வு இல்லை.

போன மாதம் அந்தக் கொப்பி ரீச்சரின் வகுப்புக்கு வாசிப்புப் புத்தகங்கள் கொண்டுபோனேன். எங்கள் மடலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஆனால் பெரியவர்களின் கண் மட்டத்தில் இல்லை, பிள்ளைகளின் நெஞ்சளவு உயரத்தில். இடைவேளைக்கு ஒரு பையன் அதன் முன்னால் குந்தியிருந்து, கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தான். "ஒவ்வொரு பிள்ளையையும்" வரை வந்தான். அடுத்த சொல் "ஞாபகம்". விரல் அங்கேயே நின்றது. திரும்பி ரீச்சரைப் பார்த்தான்.

ரீச்சர் மேசையில் இருந்து கொப்பியை எடுத்து, அவன் பக்கத்தைத் திறந்து, பென்சிலால் ஞ என்று எழுதினார்.